முனைவர் பட்டத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகள்

காலனித் தெருவில் ஒரு பிள்ளை முனைவர் பட்டம் வாங்கிவிட்டால் மறுநாளே மின்கம்பத்தில் ஃபிளெக்ஸ் ஏறிவிடுகிறது. ஒரு பக்கம் அண்ணல் அம்பேத்கர், இன்னொரு பக்கம் பட்ட அங்கியில் நம் பிள்ளை, கீழே மாமன் மச்சான் பெயர்கள் வரிசையாக. இது வேண்டியதுதான். பெயருக்கு முன்னால் ஊர் ஒட்டவைத்த இழிசொற்களைக் கேட்டு வளர்ந்த தெருவில், அதே இடத்தில் 'முனைவர்' என்று வருவது சின்ன விஷயமில்லை.

அந்த ஃபிளெக்ஸ் வெயிலில் வெளுப்பதற்குள் அந்த முனைவர் எங்கே போய் நிற்கிறார் என்பதுதான் கேள்வி. அரசு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் இடம் கிடைத்தால் மாதம் 25,000 ரூபாய். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம்தான். சுயநிதிக் கல்லூரி என்றால் அதற்கும் கீழே. விடைத்தாள் திருத்துவது, சேர்க்கைக்கு ஊர் ஊராய் அலைவது எல்லாம் அதற்குள் அடக்கம். உதவிப் பேராசிரியர் தேர்வு எப்போது வரும் என்று காத்திருந்தே நாற்பது வயதாகிவிடுகிறது. ஐந்தாறு ஆண்டு உழைத்து எழுதிய ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தட்டில் கிடக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருப்பது நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காதுக்கே வருவதில்லை.

அதன் பெயர் போஸ்ட் டாக். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு. முதுமுனைவர் ஆய்வு என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் பி.டி.எஃப். "பி.டி.எஃப். போட்டீர்களா" என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் கேட்டால், "வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். சிரிக்கலாம்தான். ஆனால் நகரத்துப் பெரிய கல்வி நிறுவனங்களில் படிக்கும் பிள்ளைக்கு முனைவர் பட்டத்தின் மூன்றாவது ஆண்டிலேயே தெரிந்துவிடுகிற சொல் இது. செஞ்சியிலிருந்தும் திருக்கோவிலூரிலிருந்தும் போய்ப் படிக்கிற பிள்ளைக்குப் பட்டம் கைக்கு வந்த பிறகும் தெரிவதில்லை.

இது இன்னொரு பட்டமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. தேர்வு கிடையாது, சேர்க்கைக் கட்டணம் கிடையாது, வாய்மொழித் தேர்வும் கிடையாது. ஆய்வு செய்வதற்காகவே இரண்டு மூன்று ஆண்டுகள் மாதாமாதம் பணம் தருகிறார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரு நிறுவனத்தில், ஒரு வழிகாட்டியோடு உட்கார்ந்து, முனைவர் பட்ட ஆய்வேட்டைப் புத்தகமாக்கலாம். அதில் தொடாமல் விட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு புதிய ஆய்வும் தொடங்கலாம். பேராசிரியர் பணிக்கான நேர்காணலில் எதிரே உட்காரப்போகிறவர்களில் பலர் இந்த ஆண்டுகளை முடித்து, நல்ல கட்டுரைகளோடு வருகிறவர்கள். நம் பிள்ளை கௌரவ விரிவுரையாளராக வாரத்துக்கு எத்தனையோ வகுப்பு எடுத்துக் களைத்துப்போய் வருகிறார். போட்டி அங்கேயே சமமில்லாமல் ஆகிவிடுகிறது.

அண்ணலின் வாழ்க்கையை இந்தக் கோணத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையோடு 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். அங்கே ஆய்வை முடித்து 1916இல் லண்டன் போனார். உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு 1917இல் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. பரோடாவில் அரசுப் பணி இருந்தது, தங்க வீடு இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார்; தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பிறகு பம்பாய் சைடனாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன், இவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டுதான் 1920இல் மறுபடி லண்டனுக்குக் கப்பல் ஏறினார். 1923இல் லண்டனில் டி.எஸ்சி. பட்டம். 'ரூபாயின் பிரச்சினை' நூல் அந்த உழைப்பில் வந்தது. நடுவில் போன மூன்று ஆண்டுகளுக்கு அறிவுக் குறைவு காரணமல்ல. பணமும் தங்குமிடமும்தான் காரணம். இன்றைக்கும் நம் முனைவர்களை நிறுத்திவைப்பவை அவையே. இன்று கூடுதலாகச் சேர்ந்திருப்பது தகவல் இல்லாமை.

அதனால் தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. முன்பு பட்டியல் சாதி, பழங்குடி முனைவர்களுக்கென்றே ஆண்டுக்கு 100 இடங்கள் கொண்ட ஒரு திட்டத்தை நடத்தியது. அதன் காலம் ஐந்து ஆண்டுகள். 2022 செப்டம்பர் 5 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் எல்லோருக்குமான திட்டம் ஒன்றை அறிவித்தது. 900 இடங்கள், மூன்று ஆண்டுகள், மாதம் 50,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்பது அந்த அறிவிப்பு. இடங்களில் 30 விழுக்காடு பெண்களுக்கு. அறிவியல், பொறியியல் மட்டுமல்ல. சமூக அறிவியலும் மொழிகளும் அதில் உண்டு. அதாவது தமிழ் படித்தவரும் போடலாம். தமிழ்த்துறை மாணவர்கள் இதையெல்லாம் ஆய்வுக்கூடக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தைப் போல இரண்டு மடங்கு.

வரலாறு, பொருளியல், சமூகவியல், கல்வியியல் படித்தவர்களுக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்., இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது. இதில் வயது வரம்பு 45. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வு உண்டு. நம் பிள்ளைகள் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படித்துத் தாமதமாக முடிக்கிறவர்கள். 'எனக்கு வயதாகிவிட்டது' என்று சொல்வதற்கு முன் இந்த வரியைப் படிக்க வேண்டும்.

அறிவியல், பொறியியல் பக்கம் தேசிய பி.டி.எஃப். திட்டம் இருக்கிறது. முன்பு செர்ப் என்று அழைக்கப்பட்ட வாரியம் நடத்தியது. 2023இல் நிறைவேறிய சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையிடம் இப்போது இருக்கிறது. இங்கே வயது 35தான். பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் என்றால் 40. இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் தளர்வு உண்டு என்பதைக் கிறித்தவ தலித் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவர்கள் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் என்று சான்று பெறுகிறவர்கள். ஒரே தெருவில், ஒரே கொடுமையை அனுபவித்தவர்களில் பாதிப்பேருக்கு ஒரு விதி, மீதிப்பேருக்கு இன்னொரு விதி. அந்த அநியாயத்தைப் பற்றி இந்தப் பத்தியில் பலமுறை பேசியாகிவிட்டது. அதற்கான போராட்டம் ஒருபக்கம் நடக்கட்டும். கிடைக்கிற தளர்வை விடக்கூடாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். கடைசி வாரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடினால் கிடைக்காது.

சங்க இலக்கியம், தொல்காப்பியம் என்று பழந்தமிழில் ஆழ்ந்தவர்கள் சென்னை பெரும்பாக்கத்தில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் அறிவிப்புகளைக் கவனித்து வர வேண்டும். அங்கே முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கும் ஆய்வு உதவித்தொகை தந்திருக்கிறார்கள்.

இந்த அறிவிப்புகளில் எதுவும் தீபாவளி போல நாள் குறித்து வருவதில்லை. ஒரு வருடம் வரும், ஒரு வருடம் வராது. வந்தாலும் மூன்று நான்கு வாரம்தான் அவகாசம். எனவே அறிவிப்பு வந்த பிறகு தயாராகிறவருக்கு இடமில்லை. ஏன் என்றால் இந்த விண்ணப்பங்களில் ஒரு பூட்டு இருக்கிறது. மதிப்பெண் பட்டியலும் சாதிச் சான்றும் அதைத் திறக்காது. 'இவரை என் நிறுவனத்தில் ஏற்றுக்கொள்கிறேன், வழிகாட்டுகிறேன்' என்று ஒரு பேராசிரியர் தரும் ஒப்புதல் கடிதம் வேண்டும்.

சாதி இங்கேதான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. இடஒதுக்கீடு உதவித்தொகையில் இருக்கலாம்; அந்தக் கடிதத்தில் இல்லை. பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் நண்பர் இருப்பார். பெரிய கல்வி நிறுவனத்தில் படித்தவருக்கு வழிகாட்டியே நாலு இடத்துக்கு எழுதிப் போடுவார். ஒரு பேராசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டு 'நம்ம பையன்தான்' என்று சொல்ல நம் வீட்டில் ஆள் கிடையாது. நம் வழிகாட்டிகளில் நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வெளியே பெரிய தொடர்பு இருப்பதில்லை. இப்படித்தான் தகுதியான விண்ணப்பம் எழுதப்படாமலே போகிறது. எழுதப்படாத விண்ணப்பத்தை எந்த நிராகரிப்புப் பட்டியலிலும் காண முடியாது. 'தகுதியானவர்கள் வரவில்லை' என்று அவர்கள் சொல்வதற்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

ஆனாலும் அந்தப் பூட்டை முன்பின் தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதித் திறந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்தது இவ்வளவுதான். தங்கள் தலைப்புக்கு நெருக்கமாக எழுதுகிற ஏழெட்டுப் பேரைத் தேடினார்கள். ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரையையாவது உண்மையாகவே படித்தார்கள். ஒரே பக்கத்தில் கடிதம்: நான் யார், என் ஆய்வேடு என்ன கண்டது, அடுத்து என்ன கேள்வி கேட்கப் போகிறேன், உங்களுடைய எந்த எழுத்து என்னை இங்கே கொண்டுவந்தது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொற்பாதங்களில்' என்றெல்லாம் இல்லை. நாம் உதவி கேட்டு எழுதவில்லை. ஆய்வாளர் இன்னொரு ஆய்வாளருக்கு எழுதுகிறார். பாதிப்பேர் பதில் போட மாட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், தப்பில்லை. ஒருவர் 'சரி, ஆய்வுத் திட்டத்தை அனுப்புங்கள்' என்று சொன்னால் போதும்.

ஆங்கிலம் பற்றிய பயம் தெரிந்ததே. தமிழில் ஆய்வேடு எழுதியவர் ஆங்கிலத்தில் திட்டம் எழுத வேண்டியிருக்கிறது. முதலில் தமிழிலேயே நறுக்காக எழுதுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் மொழிபெயர்க்க நண்பர் கிடைப்பார். கேள்வி குழப்பமாக இருந்தால் எந்த ஆங்கிலமும் காப்பாற்றாது. இளங்கலை, முதுகலை ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அம்பேத்கர் மன்றத்தில் ஜெயந்தி அன்று மைக் பிடிப்பதோடு நிற்காமல் இதற்கும் அவர்கள் உட்காரலாம்.

கருத்தரங்குகள் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 'பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று அழைப்பிதழ் வருகிறது. பன்னாடு எங்கே என்று பார்த்தால் இணையவழியில் ஒருவர் ஐந்து நிமிடம் வாழ்த்திப் பேசுவார். பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், இன்னும் கொஞ்சம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண் போட்ட தடித்த தொகுப்பில் நம் கட்டுரை. அதை ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள், தொகுத்தவர் உட்பட. இப்படிச் சேர்த்த சான்றிதழ்களைக் கோப்பு கோப்பாக வைத்திருக்கும் முனைவர்களைப் பார்க்கும்போது, களை எடுத்தும் கரும்பு வெட்டியும் அவர்கள் அம்மா சேர்த்த பணம் அதில் எவ்வளவு போயிருக்கும் என்றுதான் கணக்குப் போடத் தோன்றுகிறது. யு.ஜி.சி. 2019இல் கொண்டுவந்த கேர் இதழ்ப் பட்டியலையும் 2025இல் கைவிட்டுவிட்டது. இனி எந்த இதழ் நல்லது என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. பணம் கேட்டு, பத்து நாளில் அச்சிட்டுத் தருகிறேன் என்கிற இதழை நம்பாதீர்கள். அது ஒன்றே முதல் சோதனைக்குப் போதும்.

உருப்படியான அரங்குகள் வேறு வகை. சென்னை அடையாறில், மால்கம் ஆதிசேசய்யா 1971இல் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுரைகள் நடக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற தூரத்தில், புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில், 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஓலைச்சுவடியும் கோயில் புகைப்படமும் மட்டும்தான் அங்கே என்று நினைக்காதீர்கள். சமூக அறிவியல் துறையும் உண்டு, நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம். தமிழ்நாட்டு வரலாற்றுப் பேரவையும் இந்திய வரலாற்றுப் பேரவையும் ஆண்டுக் கூட்டம் நடத்துகின்றன. இவற்றில் சான்றிதழைவிட, தேநீர் இடைவேளையில் உங்கள் தலைப்பைக் கேட்டு 'இந்த ஆவணத்தைப் பார்த்தீர்களா' என்று ஒருவர் கேட்பது மதிப்புள்ளது. ஒப்புதல் கடிதங்கள் பலவற்றுக்கு விதை அப்படித்தான் விழுகிறது.

ஒரு நல்ல கருத்தரங்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தலித் ஆய்வுகள் பற்றி ஒரு பன்னாட்டு மாநாடு நடந்தது. அங்கிருந்து தொடங்கிய வேலை, ராம்நாராயண் ராவத்தும் கே.சத்தியநாராயணாவும் தொகுத்த நூலாக 2016இல் வந்தது. எட்டு வருடம். நம்மூர் 'பன்னாட்டு'த் தொகுப்புகள் கருத்தரங்கு நாள் காலையிலேயே வெளியிடப்பட்டுவிடுகின்றன.

இதெல்லாம் தனிப்பட்ட பிள்ளைகளின் பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. சமூகத்துக்கு இந்த ஆண்டுகள் தேவைப்படுகின்றன. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' இதழில் எழுதியவை பல பத்தாண்டுகள் பொது வாசிப்புக்கு வராமல் கிடந்தன. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தேடித் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் தொகுதிகளாக வெளியிட்ட பிறகுதான், இன்றைக்கு அயோத்திதாசரைப் பற்றி எத்தனையோ ஆய்வேடுகள் எழுத முடிகிறது. நாளுக்கு மூன்று வகுப்பு எடுத்துவிட்டு இரவில் செய்கிற வேலையா அது?

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அறிக்கை எழுதினார், 1892இல் அரசாணை வந்தது என்பதை மேடைகளில் எல்லோரும் சொல்கிறோம். எந்த ஊரில் எந்தப் புல எண், யார் பெயருக்கு, எப்போது, எப்படி மாறியது என்று பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் ஒரு வட்டத்துக்காவது முழுமையாக எழுத வேண்டும் என்றால், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் வட்டாட்சியர் அலுவலகப் பதிவேடுகளிலும் இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்தாக வேண்டும். ரூபா விஸ்வநாத், காலனிய காலச் சென்னை மாகாணத்தில் நம் மக்களின் நிலம், உழைப்பு, அரசின் சூழ்ச்சி பற்றி 2014இல் ஆங்கிலத்தில் ஒரு முக்கியமான நூல் எழுதினார். அவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் எழுதியது நமக்குப் பெரிய பலம். நம் ஊர்ப் பதிவேட்டை, நம் ஊரில் பிறந்து பாட்டியின் வாயால் அந்த நிலத்தின் பெயரைக் கேட்டு வளர்ந்தவரும் படிக்க வேண்டாமா?

வெளிநாட்டுக் கதவுகளையும் தட்டலாம். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளைக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். நாட்டுக்கு இவ்வளவு, துறைக்கு இவ்வளவு என்ற கட்டுப்பாடு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி உதவித்தொகைக்கு முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் எந்த நாட்டவரும் போடலாம். அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்–நேரு திட்டம் இருக்கிறது. இவற்றுக்குச் சாதிச் சான்று தேவையில்லை. எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கடிதமோ அழைப்போ தேவை. நம் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்ட மேற்படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்குமானது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. 2022இல் அதன் விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய தலைப்புகளுக்கு உதவி கிடையாது என்று சேர்த்தார்கள். வெளிநாடு போய்ச் சாதியைப் பற்றிப் படிக்காதே என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

கிடைத்த பிறகும் தொல்லை உண்டு. உதவித்தொகை மாதாமாதம் வந்துவிடும் என்று நம்பி வீட்டு வாடகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி. அவர் சாவுக்குக் காரணங்கள் பல. நிறுத்தி வைக்கப்பட்ட அந்தப் பணமும் அதில் ஒன்று. சேரும் முதல் நாளே நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் உதவித்தொகையைக் கையாளும் எழுத்தர் யார், எந்தப் படிவம் எந்த மாதம் போக வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரில் ஒரு மாதிரி, பட்டத்தில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி இருப்பது நம் பிள்ளைகளுக்குச் சகஜம். அதை இப்போதே சரிசெய்யுங்கள். ஆறேழு மாதப் பணம் அந்த ஒரு எழுத்தில் மாட்டிக்கொள்ளும். வாடகைக்கு வீடு தேடும்போது 'என்ன ஆளுங்க' என்று கேட்பார்கள். முடிந்தவரை நிறுவன விடுதியிலேயே இடம் கேளுங்கள்; பெண்கள் ஒப்புதல் கடிதம் கேட்கும்போதே விடுதியைப் பற்றியும் கேட்டுவிடுவது நல்லது.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. நல்ல திட்டம்; நம் மாவட்டத்தில் பலர் அதனால் படிப்பை விடாமல் முடித்தார்கள். பட்டம் வந்த நாளோடு அது நின்றுவிடுகிறது. அதே துறை, பட்டம் முடித்தவர்களில் ஆண்டுக்கு ஐம்பது பேருக்காவது இரண்டாண்டு ஆய்வுப் பணம் தரலாம்; பஞ்சமி நிலம், விடுதிகள், தீண்டாமை வழக்குகள் என்று துறைக்கே தேவையான ஆய்வுகளை அவர்களைக்கொண்டு செய்யலாம். மானியக் கோரிக்கைக்கு முன் சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்கப் போகிற இயக்கங்கள் இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். கல்லூரிகளின் பட்டியலின மாணவர் பிரிவுகள், அறிவிப்பு வந்த அன்றே தங்களிடம் படித்த முனைவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இதற்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம்.

வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று காத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. தேசிய பி.டி.எஃப். திட்டத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவர்களும் விண்ணப்பிக்க இடம் இருந்து வருகிறது. சமர்ப்பித்ததற்கான சான்றைப் பல்கலைக்கழகத்தில் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு வயதைக் கணக்கிடுவது விண்ணப்பக் கடைசித் தேதியை வைத்துத்தான். முப்பத்தொன்பது முடிந்தவர்கள் இந்த வாரமே மின்னஞ்சலை எழுதத் தொடங்குங்கள்.